நிலாவெளியில் கல்லுக்கடியில் இருந்த, தொட்டால் எரிகிற மயிர்ப்புழு எது?

முருகைக்கல்லைப் புரட்டியபோது மயிர்க்கொட்டி போல ஒன்று இருந்தது, தொட்டதும் விரல் எரிந்தது என்கிறீர்கள். அது பெரும்பாலும் நெருப்புப்புழு, அம்ஃபினோமிடே குடும்பம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவைச் சுற்றியுள்ளது போன்ற முருகைக்கல் (பவளப்பாறை) திட்டுகள்தான் இவற்றுக்குப் பிடித்த இடம். பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும்.

மண்புழு, அட்டை போல இதுவும் வளையுடலி. ஒவ்வொரு வளையத்திலும் இரு பக்கமும் சதைத்துடுப்பு, அதில் முள்மயிர்க் கட்டு. மற்றக் கடற்புழுக்களின் மயிர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. நெருப்புப்புழுவினதில் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். அதனால்தான் தோலில் குத்தியதும் பட்டென்று முறிந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. யூரிதோ காம்ப்ளனேட்டா என்ற நெருப்புப்புழு இனத்திலிருந்து அழற்சியூட்டும் காம்ப்ளனின் என்ற பொருளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை குத்தினால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுங்கள். வீக்கம் கூடினால் வைத்தியரிடம் போங்கள்.

வகைப்பாடுதான் சுவாரசியம். இப்படி மயிருள்ள கடற்புழுக்களைப் பாலிகீட்டா என்று பள்ளியில் ஒரே வகுப்பாகப் படித்தோம். 10,000க்கும் மேற்பட்ட இனங்கள். மரபணு ஆய்வுகளோ மண்புழுவையும் அட்டையையும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டன. அந்தக் கூட்டத்தின் இரு பெரும் கிளைகளில் ஓடித் திரிபவை எர்ராண்டியா, குழாயில் குடியிருப்பவை பெரும்பாலும் செடண்டேரியா. சரி, நெருப்புப்புழு எதில்? இரண்டிலும் இல்லை! அது தனிக்கிளை.

இன்னொன்று: கோபத்தில் அதை வெட்டிப் போடாதீர்கள். யூரிதோ துண்டாகியே பெருகக்கூடியது. துண்டுகள் தலையும் வாலும் முளைத்து முழுப்புழுவாகிவிடும்.