டெலஸ்கோப் வேண்டாம், மொட்டைமாடி போதும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஆண்ட்ரோமெடா கேலக்சி (விண்மீன் திரள்) 25 லட்சம் ஒளியாண்டு தூரம் என்பதை எப்படி அளந்தார்கள் என்று பள்ளி ப்ராஜெக்ட் செய்ய நினைக்கிறாள் மகள். வீட்டில் பைனாகுலர் இருக்கிறது. டெலஸ்கோப் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பைனாகுலரே போதும்.

காலையில் கீரைக்காரம்மா குரலைக் கேட்டதும், அடுத்த கிராஸில் வருகிறார் என்று அடுப்படியில் இருந்தே சொல்லிவிடுகிறோம். அவர் தொண்டையின் பலம் நமக்குப் பழக்கம்; காதில் விழும் குரல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதில் தூரம் பிடிபடுகிறது. புதுக் குரலென்றால் கணக்கு எடுபடாது. விண்மீன்களில் பெரும்பாலானவை புதுக் குரல்கள்தான்.

செபீட் விண்மீன்கள் மட்டும் தங்கள் பலத்தைத் தாமே சொல்லும். சீராக விரிந்து சுருங்கி, ஒளி ஏறி இறங்கும். சுற்றுக்கு நாள் கூடக்கூட உண்மையான ஒளியும் கூடும். சிறிய மெகல்லன் மேகம் என்ற குட்டி கேலக்சியின் 25 செபீட்களை வைத்து 1912இல் இதை நிறுவியவர் வானியலாளர் ஹென்ரியேட்டா லீவிட். 1923இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடாவில் 31 நாள் சுற்றுள்ள ஒரு செபீட்டைப் பிடித்தார். கிடைத்த விடை 9 லட்சம் ஒளியாண்டு. தப்புதான், செபீட்களில் இரண்டு வகை என்பது 1950களில்தான் தெளிவானது. ஆனால் ஆண்ட்ரோமெடா நம் கேலக்சியான பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று காட்ட அந்தத் தப்பு விடையே போதுமாக இருந்தது!

செம்பெயர்ச்சியை (விலகிப் போகும் கேலக்சியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) இதில் இழுக்க வேண்டாம். அது வெகுதொலைவு கேலக்சிகளுக்கு. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவதால் அதில் தெரிவது நீலப்பெயர்ச்சி.

மகளுக்கான வேலை: நவம்பரில், மாலை ஏழு மணிக்கு, தெருவிளக்கு கண்ணில் படாதபடி தண்ணீர் டேங்க் மறைவில் நின்று வடக்கே பார்க்கட்டும். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே டெல்டா செஃபை என்ற செபீட் இருக்கும். பக்கத்திலேயே ஜீட்டா, எப்சிலான் என்ற இரு விண்மீன்கள். மூன்றும் சேர்ந்து சின்ன முக்கோணம். இடம் பிடிபடாவிட்டால் சௌடையா சாலை நேரு கோளரங்கத்தில் கேளுங்கள். டெல்டா உச்சத்தில் ஏறக்குறைய ஜீட்டா அளவு இருக்கும், தாழும்போது எப்சிலானைவிடச் சற்று மங்கும். ஏறுவது சட்டென்று, இறங்குவது மெல்ல. முதல் உச்சத்திலிருந்து கடைசி உச்சம்வரையான நாட்களைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், 5 நாள் 9 மணியை ஒட்டி வரவேண்டும். அந்தச் சுற்றுக்குரிய ஒளி சூரியனைப்போல் சுமார் 2,000 மடங்கு; கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் 900 ஒளியாண்டு அளவில் கிடைக்கும். ஹப்பிள் போட்டதும் இதே கணக்குதான்.

மழைமேகம் மறைத்த நாட்களை நோட்டில் காலியாகவே விடச் சொல்லுங்கள். ஊகித்து நிரப்பினால் உச்சம் இடம் மாறிவிடும்.