கேளுங்கள், சொல்கிறேன்: கையடக்க ஸ்கேனர்

போன இதழில் வானிலை ரேடியோவைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, வானிலையை ஓரமாக வைத்துவிட்டு போலீஸ் ஸ்கேனரைப் பற்றிக் கேட்கின்றன. போலீஸ், தீயணைப்பு போன்றவர்களின் ரேடியோப் பேச்சைத் தேடிப் பிடித்துக் கேட்க வைக்கும் கருவி அது. சரி, இந்த இதழ் அதற்கே. நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். 1999-ல் செயற்கைக்கோள் முறை முழுதாக வந்து எங்கள் மோர்ஸ் சாவிக்கு விடை கொடுத்த பிறகு, கிளீவ்லாந்தில் கரையேறிவிட்டேன். காது மட்டும் இன்னும் பழைய வேலையில்தான் இருக்கிறது.

ஐயா, எஸ்டிஎஸ் 100 ஸ்கேனர் 700 டாலருக்குப் பக்கத்தில் விலை சொல்கிறார்கள். 100 டாலருக்கும் ஸ்கேனர் கிடைக்கிறது. அது போதாதா? வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?
*– வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ*

வீட்டில் சொல்ல வேண்டியதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. நான் முதல் பாதிக்கு வருகிறேன்.

பணப்பையைத் திறக்கும் முன் ரேடியோ ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தைத் திறங்கள். மாநிலம், அப்புறம் கவுன்டி என்று போனால், உங்கள் ஊர் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் எந்த அமைப்பில் பேசுகின்றன என்ற பட்டியல் வரும். பார்க்கக் காசு கிடையாது. அதில் 'மோட்' என்ற பத்தியில் ஓரிரு எழுத்துகள்தான் இருக்கும். உங்கள் 700 டாலரின் தலையெழுத்து அங்கேதான். ஏ என்றால் அனலாக். டி என்றால் டிஜிட்டல். டி-யை ஒட்டிப் பெரிய எழுத்தில் இ இருந்தால் எப்போதும் என்கிரிப்ஷன், அதாவது பேச்சைப் பூட்டியே அனுப்புவார்கள். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் எந்த ஸ்கேனரிலும் கேட்காது. அதே இ சின்ன எழுத்தில் இருந்தால், சில நேரம் மட்டும் பூட்டுவார்கள்.

ஒஹாயோவில் மார்க்ஸ் என்ற மாநில அளவிலான அமைப்பு இருக்கிறது. பி25 என்ற டிஜிட்டல் முறையில், 700, 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டிரங்கிங். அந்தக் காலத்தில் போலீசுக்கு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒன்று என்று இருந்தது. டிரங்கிங்கில் எல்லாருக்கும் பொதுவாகச் சில அலைவரிசைகள். யார் பேச வந்தாலும், அந்த நேரத்தில் காலியாக இருப்பதைக் கட்டுப்பாட்டுச் சேனல் ஒதுக்கிக் கொடுக்கும். கேள்வி ஓர் அலைவரிசையில் போகும், பதில் இன்னொன்றில் வரும். நூறு டாலர் அனலாக் ஸ்கேனரில் இது வெறும் கரகரப்பு. ஆகவே உங்கள் பட்டியலில் டி மட்டும்தான் என்றால் அந்த நூறும் வீண்.

அடுத்த சிக்கல் சைமல்காஸ்ட். நகரத்தில் பல கோபுரங்கள் ஒரே பேச்சை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பும். கோயில் திருவிழாவில் தெரு நெடுக ஒலிபெருக்கி கட்டியிருப்பார்களே, இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்றால் பாட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பும் அல்லவா, அதே கதை. போலீஸ் கையில் இருக்கும் ரேடியோவை இதைச் சமாளிக்கிற மாதிரியே செய்திருக்கிறார்கள். பழைய டிஜிட்டல் ஸ்கேனர்களை அப்படிச் செய்யவில்லை. சிக்னல் கோடு முழுதாக நிற்கும், பேச்சு மட்டும் துண்டு துண்டாக வரும். 2018-ல் வந்த எஸ்டிஎஸ் 100-தான் இதைச் சமாளித்த முதல் ஸ்கேனர். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் இதற்குத்தான். ரேடியோ ரெஃபரன்ஸில் உங்கள் ஊர்க் கோபுர விவரத்தில் சைமல்காஸ்ட் என்று போட்டிருந்தால் எஸ்டிஎஸ் 100-ஐ வாங்குங்கள். ஒற்றைக் கோபுரம் உள்ள கிராமப்புறக் கவுன்டி என்றால் பிசிடி 325பி2 போன்ற மலிவான டிஜிட்டல் ஸ்கேனரே தாராளம்.

இன்னொன்று. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் போன்ற வேறு டிஜிட்டல் வகைகளுக்கு, இந்த ஸ்கேனர்களைச் செய்யும் யுனிடென் கம்பெனி தனியாகக் காசு வாங்கும். உங்கள் பட்டியலில் அவை இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அவசரம் இல்லை என்றால் என் யோசனை வேறு. முப்பது, நாற்பது டாலருக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ஒரு யுஎஸ்பி குச்சி கிடைக்கும். மடிக்கணினியில் செருகி, எஸ்டிஆர் டிரங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வாரக் கடைசியில் கேட்டுப் பாருங்கள். குச்சி ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பார்க்கும். உங்கள் ஊர் அலைவரிசைகள் அதைவிடப் பரந்து கிடந்தால் இரண்டு குச்சி தேவைப்படும். கேட்டு ரசித்தால் ஸ்கேனர் வாங்குங்கள். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் 650 டாலர் மிச்சம். வீட்டில் சொல்லவும் ஒரு நல்ல செய்தி.

நான் பாவோஃபெங் யுவி-5ஆர் வாங்கினேன். ஸ்கேன் போட்டால் போலீஸ் வரவே இல்லையே?
*– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி*

வராது. அது அனலாக் வாக்கி டாக்கி. டிஜிட்டல் தெரியாது, டிரங்கிங் தெரியாது, 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகவும் போகாது. அதைவிட முக்கியம், பக்கவாட்டில் இருக்கும் பெரிய பொத்தானை அமுக்கினால் அது ஒலிபரப்பும். உரிமம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்; குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமத் தேர்வு எழுதிவிட்டால் அதே ரேடியோ தங்கம். முதல் நிலைக்கு 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் போதும்.

எஸ்டிஎஸ் 100 வாங்கி ஜிப் கோடு போட்டேன். ஓயாமல் யார் யாரோ பேசுகிறார்கள். பேருந்து, சாலைப் பணி, பள்ளி வண்டி! கணவர் அணைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
*– வாசகி, பிளேனோ, டெக்சஸ்*

அம்மா, ஜிப் கோடு போட்டதும் அமெரிக்கா, கனடா முழுவதற்கும் உள்ள பட்டியலிலிருந்து உங்களைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வந்துவிடும். முதலில் ரேஞ்ச் என்ற இடத்தில் மைல் எண்ணைக் குறையுங்கள். அப்புறம் சர்வீஸ் டைப் பட்டியலுக்குப் போய் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் மூன்றிலும் டிஸ்பாட்ச் (வண்டிகளை அனுப்பும் பேச்சு) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணையுங்கள். அதற்குப் பிறகும் தொல்லை தரும் குழு ஏதாவது பேசும்போது அவாய்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஸ்கேனரை அணைக்கும் வரை அது வராது. அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் நிரந்தரமாகப் போய்விடும். எதிர்மாறாக, ஒரு பேச்சை விடாமல் கேட்க வேண்டுமா, அது வரும்போது நிறுத்திப் பிடிக்கும் வசதியும் உண்டு.

தீயணைப்பிலிருந்து தொடங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். போலீஸ் பேச்சில் எண்களும் சுருக்கங்களும் அதிகம். புதியவருக்கு ஒன்றும் புரியாது. தீயணைப்பு அப்படி இல்லை. முதலில் இரண்டு நீளமான 'பீப்', உறங்குகிற நிலையத்தை எழுப்ப. பிறகு முகவரி, என்ன பிரச்சினை, எந்த வண்டிகள். ஒரு நிமிடம் போனால், வண்டி எண்ணைச் சொல்லி 'கிளம்பிவிட்டோம்' என்று ஒரு குரல், பின்னாலேயே சைரன். முதலில் போய்ச் சேர்ந்தவர் வெளியே நின்று வீட்டை விவரிப்பார்: இரண்டு மாடி, மரக்கட்டடம், புகை தெரிகிறது அல்லது ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலான அழைப்புகள் ஒன்றும் தெரியாமலே முடியும். சமையலறையில் ஏதாவது தீய்ந்திருக்கும். தாளிப்புப் புகைக்கு அலாரம் அடித்த நம் வீடுகளும் அதில் இருக்கலாம்.

பேச்சு உடைந்து வந்தால் ஃபில்டர் அமைப்பை நார்மல், இன்வர்ட், ஆட்டோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். நாலடி நகர்ந்தும் பாருங்கள். 800 மெகாஹெர்ட்ஸில் நாலடி பெரிய தூரம். ஆன்டெனாவைப் பிறகு வாங்கலாம். கருவி சூடாகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். சென்டினல் மென்பொருளில் பட்டியலை அவ்வப்போது புதுப்பியுங்கள். உங்கள் ஊர் சேனல் மாற்றிவிட்டால் ஸ்கேனர் அமைதியாகிவிடும், நீங்கள் கருவியைத் திட்டுவீர்கள்.

கேள்வி இரண்டு. ஒன்று, கூடுதல் பணம் கட்டினால் ஒரு கீ கொடுப்பார்களாம், பூட்டிய போலீஸ் பேச்சும் திறக்குமாம், உண்மையா? இரண்டு, நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன், காரில் வைத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், குயீன்ஸ், நியூயார்க்*

ஒன்று: பொய். யுனிடென் விற்கும் கீ, மேலே சொன்ன டிஎம்ஆர் வகையறாவைப் புரிந்துகொள்ள மட்டும். என்கிரிப்ஷன் சாவி போலீஸ் துறையிடம்தான் இருக்கும். திறந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். டென்வர் போலீஸ் 2019-ல் முழுதாகப் பூட்டிக்கொண்டது. உங்கள் நியூயார்க் நகரப் போலீஸ் 2023-ல் ஒவ்வொரு பகுதியாகப் பூட்டத் தொடங்கியது. போலீசுக்காக மட்டும் ஸ்கேனர் வாங்குவதென்றால் உங்கள் ஊரில் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இரண்டு: கூடாது. நியூயார்க் மாநில வாகனச் சட்டம் 397-ம் பிரிவு, போலீஸ் அலைவரிசை வாங்கும் கருவியை அனுமதி இல்லாமல் வண்டியில் வைப்பதைத் தடுக்கிறது. அமெச்சூர் உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மினசோட்டாவிலும் வண்டி, கையடக்கக் கருவி பற்றிக் கட்டுப்பாடுகள் உண்டு. எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்க இந்தத் தொல்லை இல்லை. செல்போன் பேச்சு மட்டும் எங்கேயும் கூடாது. 1994-க்குப் பிறகு வந்த ஸ்கேனர்களில் அந்த அலைவரிசைகளை அடைத்தேதான் விற்கிறார்கள்.

எங்கள் குடியிருப்புத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில், ஸ்கேனரில் கேட்டதை உடனுக்குடன் போடுகிறேன். பாராட்டுகிறார்கள். ஒரு நண்பர் மட்டும் தப்பு என்கிறார்.
*– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்*

அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள், நல்லவர்.

கப்பல் ரேடியோ ஆபீசராக நாங்கள் சான்றிதழ் வாங்கும்போதே ஓர் உறுதிமொழி உண்டு: காதில் விழுந்த செய்தியை வெளியே சொல்லமாட்டேன். கேப்டனுக்கு வந்த தந்தியைப் பற்றிச் சமையற்காரரிடம்கூட வாய் திறக்க முடியாது. இந்த நாட்டிலும் 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 705-ம் பிரிவு, கேட்டதைப் பரப்புவதற்கும் அதை வைத்து ஆதாயம் தேடுவதற்கும் கட்டுப்பாடு போடுகிறது. இணையத்தில் நேரலையாகவே ஓடுகிறதே என்பீர்கள். ஓடட்டும். நீங்கள் போடுவது வெறும் ஒலி இல்லை. 'நம்ம பிளாக்கில் 12-ம் நம்பர் வீட்டில் நெஞ்சுவலி' என்பது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போட்டு எழுதிய மாதிரிதான். டல்லாஸில் இருக்கும் அவர் மகளுக்கு, அம்மா போன் செய்வதற்கு முன்னால் உங்கள் குழுவிலிருந்து தகவல் போகும்.

அதைவிட, முதலில் வருவது பல நேரம் தப்பாகவே இருக்கும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு போலீஸ் தேடிக்கொண்டிருந்த இரவில், காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரை ஸ்கேனரில் கேட்டதாக இணையத்தில் பரப்பினார்கள். விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள். அவருக்கும் குண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பின்னால் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டவர்களுக்கு அதில் அந்தப் பெயரே கிடைக்கவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அந்த இரவில் பட்டதை நினைத்துப் பாருங்கள்.

சூறாவளி எச்சரிக்கை, சாலை அடைப்பு போன்றவற்றைச் சொல்லுங்கள். அதையும் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்த பிறகு. மற்றது உங்கள் காதோடு.

போலீஸ் பூட்டிவிட்டால் ஸ்கேனரில் வேறு என்னதான் இருக்கிறது?
*– வாசகர், அரோரா, இல்லினாய்*

என்னைக் கேட்டால், மீதிதான் சுவை. விமானிகள் இன்னும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில், பழைய ஏஎம்-மில்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு ஓஹேர் விமான நிலையம் பக்கம். வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 வரை ஏழு அலைவரிசைகளில், இருபத்து நாலு மணி நேரமும். இரண்டுக்கும் நூறு டாலர் ஸ்கேனரே போதும், டிஜிட்டல் வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது ரயில். 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போட்டுவிட்டுக் காத்திருங்கள். தண்டவாளம் ஓரம், ஓடும் வண்டியின் அச்சுச் சூட்டைச் சோதிக்கும் பெட்டிகள் இருக்கின்றன. வண்டி கடந்ததும் அந்தப் பெட்டியே ரேடியோவில் பேசும்: எந்த ரயில்வே, எத்தனையாவது மைல் கல், எந்தத் தடம், குறை ஒன்றும் இல்லை, மொத்தம் இத்தனை அச்சு. நானூறு, ஐந்நூறு அச்சு என்று அது சொல்லும்போது கேட்டில் காத்திருப்பவர்களை நினைத்துச் சிரிப்பு வரும்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அமெச்சூர் ரேடியோப் பேச்சு பூமிக்கு இறங்குவது அதில்தான். நிலையம் உங்கள் தலைக்கு மேல் போகும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நில்லுங்கள். எப்போதும் பேச்சு இருக்காது. விண்வெளி வீரர் பள்ளிக் குழந்தைகளோடு பேசும் நாளாக அமைந்தால் பத்து நிமிடத்துக்குள் நிலையம் அடிவானத்தைத் தாண்டிவிடும், ஆனால் கையடக்கக் கருவியிலேயே குரல் நன்றாகக் கேட்கும்.

அப்பா விழுப்புரத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஊருக்குப் போகும்போது என் பழைய ஸ்கேனரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரயில் பேச்சு கேட்டுச் சந்தோஷப்படுவார். எடுத்துப் போகலாமா?
*– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா*

வேண்டாம் அம்மா. இந்தியாவில் 1933 சட்டப்படியே வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பது குற்றம். 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. சென்னை சுங்கத்தில் பெட்டியைத் திறந்து, ஆன்டெனா நீட்டிய கறுப்புப் பெட்டியை எடுத்து 'இது என்ன?' என்று கேட்டால் 'போலீஸ் ஸ்கேனர்' என்பதைவிட மோசமான பதில் கிடையாது. பிடிபடுவது நீங்கள், வீட்டுக்குப் போலீஸ் வந்தால் பதில் சொல்வது அப்பா.

அவருக்கு ஷார்ட்வேவ் பிடிக்கும் நல்ல வானொலிப் பெட்டி ஒன்று வாங்கிப் போங்கள். ரேடியோவில் பேசவே ஆசை என்றால் இந்தியாவிலும் அமெச்சூர் தேர்வு உண்டு, எழுதச் சொல்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்குத் தந்திக் கட்டை பழக்கம் இருந்தால் மோர்ஸில் என்னையே முந்திவிடுவார்.