60 வரிகளா, 12 குளங்களா?

கேள்வி: 12 குளங்களில், குளத்துக்கு 5 முறை வீதம் ஒரு நீர்ப்பறவை இனத்தை எண்ணி எக்செல்லில் வைத்திருக்கிறேன். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியின் பாடங்களை இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் (Poisson) மாதிரியைப் பொருத்தும் நிரலைத் தோழி கொடுத்தாள். அதை ஓட்டினால் எல்லாக் காரணிகளுக்கும், புள்ளியியல்படி முக்கியம் என்று காட்டும் நட்சத்திரக் குறி வருகிறது. நம்பலாமா? எங்கிருந்து கற்பது?
– ஆய்வு மாணவி

பதில்: இப்போதைக்கு நம்பாதீர்கள். பாடங்களை மூன்றாம் முறை தொடங்கவும் வேண்டாம், உங்கள் தரவை வைத்தே கற்கலாம்.

முதலில் எக்செல் தாளைச் சரிசெய்யுங்கள். ஒரு வருகைக்கு ஒரு வரி: குளம், தேதி, எண்ணிக்கை, எண்ணிய நிமிடங்கள். கட்டங்களை இணைக்காதீர்கள், வண்ணம் பூசிக் குறித்ததை ஆர் படிக்காது. பறவை இல்லையென்றால் 0, அன்று எண்ணவே இல்லையென்றால் காலி. இவ்விரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சிஎஸ்வி கோப்பாக ஆரில் ஏற்றியதும் எத்தனை குளப் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 13 வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பெயரின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி நட்சத்திரங்கள். ஒரே குளத்தின் 5 எண்ணிக்கைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். குளப் பரப்பின் விளைவைக் கேட்டால் உங்களிடம் இருப்பது 12 குளங்கள்தான். நிரல் அதை 60 என்று எண்ணிக்கொள்கிறது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் எச்சரித்த போலி மறுநிகழ்வு இதுதான். குளத்தை ரேண்டம் எஃபெக்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது குளத்துக்குக் குளம் சராசரி வேறுபடலாம் என்று மாதிரிக்குச் சொல்லுங்கள். எண்ணிய நேரம் மாறுபட்டிருந்தால் நிமிடங்களின் மடக்கையை ஆஃப்செட்டாக (நேரத்துக்கு ஏற்ப எண்ணிக்கையைச் சரிக்கட்டும் பகுதியாக) கொடுங்கள்.

அடுத்தது, பறவைகள் கூட்டமாக வருவது. பாய்சான் மாதிரி, சராசரியும் மாறுபாட்டெண்ணும் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) சமம் என்று கொள்கிறது. கூட்டமாக வந்தால் மாறுபாட்டெண் பெரிதாகிவிடும். பியர்சன் எச்சங்களின் (உண்மை எண்ணிக்கைக்கும் மாதிரியின் கணிப்புக்கும் உள்ள, அளவு சீராக்கிய வேறுபாடுகள்) வர்க்கக் கூட்டலை எச்சக் கட்டின்மை எண்ணால் (வரிகளின் எண்ணிக்கையில் மாதிரி கணக்கிடும் எண்களைக் கழித்தது) வகுத்துப் பாருங்கள். 1-ஐ ஒட்டி வந்தால் சரி. 3 வந்தால், மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழை உண்மையில் இருக்கவேண்டியதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு சிறிதாகத் தெரிகிறது என்று பொருள். அப்போது, சிதறல் சராசரியைவிட அதிகமாக இருக்க இடம்தரும் நெகட்டிவ் பைனாமியல் மாதிரிக்கு மாறுங்கள். ஆரின் ஜிஎல்எம்எம்டிஎம்பி (glmmTMB) தொகுப்பில் இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் வைக்கலாம்.

ஆரை உண்மையில் கற்றுத்தருவது போலித் தரவு உருவாக்கும் பயிற்சி. 12 குளங்கள், குளத்துக்குக் குளம் வேறுபடும் சராசரி, பரப்புக்கு எந்த விளைவும் இல்லை என்று எண்களை உருவாக்கி, தோழியின் நிரலை 1,000 முறை ஓட்டுங்கள். 0.05-க்குக் கீழான பி மதிப்பு, அதாவது நட்சத்திரம், தற்செயலாக 50 முறை அளவில்தான் வரவேண்டும். 300 முறை வந்தால் நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிடும். இதை எழுதி முடிக்கும்போது லூப், ஃபங்ஷன், மாதிரி பொருத்துதல் எல்லாம் கைக்கு வந்திருக்கும்.

ஒரு விஷயம்: 12 குளங்களை வைத்துக்கொண்டு பரப்பு, ஆழம், நாணல் போன்ற குளம் சார்ந்த காரணிகளில் ஒன்றிரண்டுக்கு மேல் சோதிக்காதீர்கள். எவை என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே களக்குறிப்பைக் கொண்டு தேர்ந்தெடுங்கள்.