திரை கறுத்த பழைய போன், பிரிக்காத புதுப் போன்: எதை முதலில் தொடுவது?

கேள்வி: கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் நான்கு வருட ஆண்ட்ராய்டு போன் மேஜையிலிருந்து விழுந்து திரை முழுக்கக் கறுத்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கிறது. புதிதாக இன்னொரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிவிட்டேன், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. வாடிக்கையாளர்களின் அளவுகள், டிசைன் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. பணம் வாங்குவது கூகுள் பேயில். எல்லாம் பழையபடி கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்கும். மணி அடிக்கிறது என்றால் போயிருப்பது அநேகமாக டிஸ்ப்ளே மட்டும்தான். உள்ளே போர்டும் மெமரியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த நிமிடமே பழைய போனை சார்ஜரில் போடுங்கள். அது அணைந்துவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு போன் ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தால், பின் எண்ணையோ பேட்டர்னையோ போடும்வரை உள்ளே இருப்பது பூட்டியே இருக்கும். கைரேகைகூட அப்போது செல்லாது. அணையாமல் வீட்டு வைஃபையில் இருந்தால், தானியங்கி பேக்கப்பை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் பட்சத்தில், வாட்ஸ்அப்பும் கூகுள் போட்டோஸும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் செய்யாதீர்கள்; அது பேட்டரி வீங்கியதன் அடையாளம்.

அடுத்து, புதுப் போனைப் பிரித்து அதே ஜிமெயில் கணக்கில் நுழையுங்கள். உறுதிசெய்யச் சொல்லிப் பழைய போனுக்குத் தகவல் அனுப்பியிருப்பதாகக் கூகுள் சொன்னால், வேறு வழியைத் தேர்ந்தெடுத்து எஸ்எம்எஸ் கேளுங்கள். சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றிவிட்டால் அந்த எஸ்எம்எஸ் வந்துவிடும். கூகுள் கணக்கில் சேமித்த தொடர்பு எண்கள் தாமாகவே இறங்கும். 'போனில் மட்டும்' என்று சேமித்தவை வராது.

வாட்ஸ்அப்பை இன்னும் தொடாதீர்கள். அவசரப்பட்டுப் பலர் தரவை இழப்பது இந்த இடத்தில்தான். வீட்டுக் கணினி எதிலாவது உங்கள் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முக்கியமான அளவுகளைக் காப்பி செய்து, டிசைன் படங்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். புதுப் போனில் உங்கள் எண்ணைப் பதிந்த மறுகணம், கணினியில் இருப்பது தானாக வெளியேறிவிடும். அப்புறம் புதுப் போனில் கூகுள் டிரைவைத் திறந்து, பேக்கப்ஸ் பகுதியில் வாட்ஸ்அப் பேக்கப்பின் தேதி என்ன என்று பாருங்கள்.

நேற்றைய தேதி என்றால் கவலையே இல்லை. அதே எண், அதே ஜிமெயில். பதிவு முடிந்ததும் பேக்கப்பை மீட்கவா என்று வாட்ஸ்அப் கேட்கும். அங்கே 'ஸ்கிப்' என்ற பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். தட்டிவிட்டு வெறும் வாட்ஸ்அப்பையே ஓட்டினால், அடுத்த பேக்கப் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும் அபாயம் உண்டு. பேக்கப்புக்குத் தனிக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும் வேண்டும். அது இல்லாமல் அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின்னும் கேட்கலாம்.

பேக்கப் இல்லை, அல்லது ஆறு மாதம் பழையது என்றால் வாட்ஸ்அப்பை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு நம்பகமான சர்வீஸ் கடைக்குப் போங்கள். புது டிஸ்ப்ளே போடுவதற்கு முன், உங்கள் மாடலுக்கான டிஸ்ப்ளே ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். சோதனைக்கு அவர்கள் செய்வதுதான் அது. திரை தெரிந்ததும் பழைய போனின் வாட்ஸ்அப் அமைப்புகளில் சாட்ஸ் பகுதிக்குப் போய் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' கொடுங்கள். பழைய போனில் வரும் கேள்விகளுக்குச் சம்மதித்து, புதுப் போனின் வாட்ஸ்அப்பில் அதே எண்ணைப் பதியும்போது தோன்றும் கியூஆர் குறியீட்டைப் பழையதால் ஸ்கேன் செய்தால், டிரைவ் இல்லாமலே அரட்டைகள் நேராக மாறும். பின் எண்ணை நீங்களே அழுத்துங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள், வேலை முடியும்வரை கூடவே இருங்கள். 'சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் பொதுவாகப் போனில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

கூகுள் பேயைப் பற்றிப் பயமே வேண்டாம். பணம் வங்கியில் இருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு இந்த நிமிடம் யாராவது பணம் போட்டாலும் அது உங்கள் கணக்குக்கே போய்ச் சேரும். புதுப் போனில் செயலியை நிறுவும்போது வங்கியில் பதிந்த சிம் அதில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்கு ரீசார்ஜும் இருக்க வேண்டும். உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போய்த்தான் எண்ணை உறுதிசெய்யும். பழைய யுபிஐ பின்னே செல்லும். புதுப் போனில் முதல் ஒரு நாள் அனுப்பும் தொகைக்குக் குறைந்த வரம்பு வைக்கும் வங்கிகள் உண்டு. அதனால் துணிக்கடைக்குப் பெரிய தொகை கட்ட வேண்டியிருந்தால் அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்தாலும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் உடனே கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது வைத்திருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கொடுப்பதற்கு முன், வைஃபையில் இருக்கும்போதே தொலைந்த போனைத் தேட உதவும் கூகுளின் ஃபைண்ட் ஹப் வழியாகப் புதுப் போனிலிருந்து அதை முழுமையாக அழித்துவிடுங்கள். மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள்.