திருவருகைக் கால வாசகங்கள்: கேட்டதும் சொன்னதும்

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பல வருடமாக மறைக்கல்வி சொல்லித் தருகிறேன். திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் பற்றி, ஞாயிறு வாசகம் வாசிப்பவர்களும் இளையோரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில். இவை மத்தேயு ஆண்டின் வாசகங்கள், அதாவது ஞாயிறு நற்செய்தி பெரும்பாலும் மத்தேயுவிலிருந்து வரும் ஆண்டு. ஒன்றை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: மத்தேயுவையும் லூக்காவையும் கலக்காதீர்கள்.

பல்லடம்: குடில் கட்டுகிற நேரத்தில் முதல் ஞாயிறு நற்செய்தி நோவா, வெள்ளம், திருடன் என்று பயமுறுத்துகிறதே, ஏனுங்க?

டிசம்பர் 16 வரை, ஆண்டவர் மறுபடி வரும் நாள்தான் முன்னால் நிற்கிறது. 17இலிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்புகிறோம். நோவா காலத்து மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மத்தேயு 24இல் தேடிப் பாருங்கள். உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், அவ்வளவுதான். நாமும் அதைத்தான் செய்கிறோம். அந்த வேலைகளுக்கு நடுவில் எதையும் கவனிக்காமல் போனார்கள் என்பதுதான் அங்கே குறை.

தாராபுரம், விவசாயி: மூன்றாம் ஞாயிறு யாக்கோபு திருமுக வாசகத்தில் முன்மாரி, பின்மாரி என்று வருகிறது. நம்ம ஐப்பசி மழை மாதிரியா?

கிட்டத்தட்ட அதேதான் ஐயா. பாலஸ்தீனத்தில் கோடை முழுக்க மழை கிடையாது. அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்து மண் இளகிய பிறகுதான் உழவு, கோதுமை விதைப்பு எல்லாம். மார்ச், ஏப்ரல் மழையில் கதிர் பிடிக்கும். முன்னது தவறினால் விதைப்பு இல்லை, பின்னது தவறினால் மணி இல்லை.

வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. பவானிசாகரில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்பது பேப்பரிலேயே வந்துவிடும். வானம் பார்த்த காடு வைத்திருப்பவருக்குத்தான் யாக்கோபு புரியும். எங்கள் அப்பா ஓர் உழவு மழைக்குச் சோளம் விதைத்துவிட்டு, தினமும் விடியலில் காட்டுக்குள் இறங்கிக் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். ஈரம் விரல் நகம் தாண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சும்மா உட்கார மாட்டார். வேலி அடைப்பார், மாடு கட்டும் கட்டுத்தரையைச் செதுக்கிச் சுத்தம் செய்வார். யாக்கோபு சொல்லும் பொறுமை அந்த மாதிரிப் பொறுமை. அடுத்த வரியையும் விடாதீர்கள்: ஒருவர்மேல் ஒருவர் முறையிடாதீர்கள் என்கிறார். மழை தள்ளிப்போகும் வாரங்களில்தான் வீட்டில் சண்டை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரோடு: மூன்றாம் ஞாயிறு அன்று குருவுக்கு ரோஜா நிற உடை ஏன்?

அன்றைய வருகைப் பாடல் 'மகிழுங்கள்' என்று தொடங்குகிறது, அதனால் திருவருகைக் காலத்து ஊதா கொஞ்சம் இளகுகிறது. ஆனால் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலை இன்னும் பாடக்கூடாது. அது பெத்லகேம் இரவுக்குக் காத்திருக்கிறது. அல்லேலூயா உண்டு.

சூலூர், இளையோர் குழு: அக்கா, கிறிஸ்துமஸ் நாடகத்தில் கதவைச் சாத்துகிற விடுதிக்காரருக்கு வசனம் வேண்டும்.

தம்பி, பெத்லகேம் காட்சியில் விடுதிக்காரரே இல்லை. லூக்கா 2:7ஐ ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். 'விடுதியில் இடம் இல்லை' என்று மட்டும்தான் இருக்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'கதாலுமா'. இயேசு பாஸ்கா உணவுக்கு இடம் கேட்கும்போதும் லூக்கா அதே சொல்லைத்தான் போடுகிறார், அது ஒரு வீட்டு அறை. நல்ல சமாரியர் கதையில் வரும் சாவடிக்கு அவர் போடும் சொல் வேறு. அங்கே ஒரு சாவடிக்காரரும் உண்டு, அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம்தான் வருகிறது.

அதே தம்பி: அவர் கதவைச் சாத்தும்போதுதான் கூட்டமே அழுகிறது. எடுத்துவிட்டால் நாடகம் என்ன ஆகும்?

பெருந்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: விவிலியத்திலேயே 'விடுதி' என்று அச்சிட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் தப்பு என்கிறீர்களா?

இல்லை ஐயா. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இடம் கொடுக்கிறது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்றுதான் சொல்கிறேன். பெத்லகேம் யோசேப்பின் குலத்து ஊர். கணக்கெடுப்புக்காக எல்லாரும் திரும்பி வந்த நேரம். ஆசாரம் (முன்கூடம்) முழுக்க ஒரம்பரை (விருந்தாளிகள்) படுத்திருக்கிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்கு அங்கே மறைவு ஏது? கட்டுத்தரைப் பக்கம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் அந்த வீட்டால் முடிந்தது. தீவனத்தொட்டி அதனால்தான் கையருகே இருக்கிறது.

ஆசிரியர்: அப்படியானால் ஏற்றுக்கொள்ளாத உலகம் எங்கே போயிற்று?

நியாயமான கேள்வி, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியில் யோவான் அதைச் சொல்கிறார்: தமக்குரியவர்களிடம் வந்தார், அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 'தமக்குரியவர்கள்' என்றால் நாமும்தான். பழியை ஒரே விடுதிக்காரர் தலையில் கட்டிவிட்டால் நாம் எல்லாரும் நல்லவர்களாக எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம். தம்பி, அவருக்குப் பதில் ஒரு அப்பத்தாவை மேடையேற்று. நெரிசலுக்கு நடுவில் மாட்டைத் தள்ளிக் கட்டி, சோளத்தட்டு பரப்பி இடம் செய்யட்டும். கூட்டம் அதற்கும் அழும்.

அவிநாசி: டிசம்பர் 25 பைபிளில் எங்கே?

இல்லை. நான்காவது ஆளாகக் கேட்கிறீர்கள். ரோமில் 4ஆம் நூற்றாண்டிலேயே அந்த நாளில் கொண்டாடினார்கள். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன், அன்றைய வாசகத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கோபி: மூன்று ராஜாக்கள் மாட்டுக்கொட்டகைக்கு எப்போது வந்தார்கள்?

ராஜாக்கள் என்று மத்தேயு சொல்லவில்லை, ஞானிகள் என்கிறார். மூன்று என்றும் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் நுழைந்தது ஒரு வீட்டுக்குள். தீவனத்தொட்டி லூக்காவில் இருக்கிறது. கலக்காதீர்கள் என்று இதற்குத்தான் சொன்னேன்.

காங்கயம்: வெள்ளைப்போளம் என்றால் என்னங்க? பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

ஞானிகளின் காணிக்கையில் ஒன்று, ஒரு முள்மரத்துப் பிசின். அடக்கத்துக்குப் பயன்பட்டது. இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிக்கதேம் என்பவர் கொண்டுவந்ததில் அதுவும் இருந்தது, அதனால்தான் குழந்தைக்கு இந்தக் காணிக்கையா என்று நெஞ்சு பதறுகிறது. உங்கள் காட்டு வேலியில் நிற்கும் கிளுவை அதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். ஒரு கொம்பை ஒடித்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், வாசமும் வரும். மூவரசர் திருநாள் என்று நாம் சொல்லும் ஞானிகள் விழாவன்று குடிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளுவைக் கொம்பு வையுங்கள். முள்ளைப் பார்த்துப் பிடித்து, பிள்ளைகளே ஒடித்து முகர்ந்து பார்க்கட்டும்.