எவோராவும் தாழி ஒயினும்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக இரண்டு மாதம் போர்ச்சுகலில், லிஸ்பனில் இருக்கிறேன். நவம்பர் இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு பக்கத்து எவோரா நகருக்குப் போகலாமா என்று யோசனை. ‘ஒயின் ஊர், நாலு தோட்டமாவது பார்த்துவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. மனைவிக்கோ எலும்புகளால் கட்டிய சிற்றாலயம் என்றாலே பயம். போய்ப் பயன் உண்டா?

ச.

அன்புள்ள ச.,

தாராளமாகப் போய்வாருங்கள். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

முதலில் ரோமானியக் கோயில். தயானா என்ற ரோமானியத் தேவதையின் கோயில் என்பார்கள். அது பிற்காலத்தில் கிளம்பிய கதை. பதினான்கு தூண்கள் நிற்கின்றன, உடல் கருங்கல், தலை பளிங்கு. அவற்றைக் காப்பாற்றியது பக்தி அல்ல, கறிக்கடை. தூண்களுக்கிடையே சுவர் வைத்து அடைத்து, 1836 வரை உள்ளே இறைச்சி வியாபாரம் நடந்திருக்கிறது.

அப்புறம் ருவா தோ கானோ தெரு. 1530களில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய கல்பாலம் அங்கே வீடுகளின் உயரத்துக்கு இறங்கிவிடும். வளைவுகளுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரு வளைவுக்குள் ஒரு கதவு, ஒரு ஜன்னல். (ஜன்னல் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல்தான், சாவியும் அலமாரியும் போல.) நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு பாட்டி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

எலும்பு ஆலயத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். ‘இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் மனைவிக்கு அதுவே போதும்.

நாலு தோட்டம் வேண்டாம். பாதி இடங்களில் அதே எஃகுத் தொட்டி, அதே பேச்சு. ஞாயிறன்று கார் எடுத்துக்கொண்டு விதிகேய்ரா பக்கம் விலா தெ ஃப்ராதெஸ் என்ற சிற்றூருக்குப் போங்கள். ஆளுயர மண்தாழிகளில் ரோமானியர் முறையில் ஒயின் செய்கிறார்கள். தாழிக்கு அவர்கள் சொல் ‘தால்யா’. ஒலி ஒற்றுமைதான், ஆராய்ச்சியைத் தொடங்கிவிடாதீர்கள்! உட்புறம் பைன் மரப்பிசின் பூசி, நசுக்கிய திராட்சையைத் தோலோடு கொட்டுவார்கள். நொதிக்கும்போது தோல் மேலே வந்து மூடிபோல அடைத்துக்கொள்ளும். மரக்கட்டையால் அடிக்கடி அமுக்கிவிடாவிட்டால் தாழியே வெடித்துவிடும். பிறகு தோல் அடியில் படியும், அதுவே வடிகட்டி. அடியிலுள்ள துளை வழியாகத் தெளிந்த ஒயின் இறங்கும். புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11-ஐ ஒட்டித்தான் தாழிகளைத் திறப்பார்கள். நல்ல வாரமாகப் பிடித்திருக்கிறீர்கள். குடிக்காவிட்டால் என்ன, மணம் பிடிக்கலாம்.

வாஸ்கோ ட காமா அந்த விதிகேய்ராவின் பிரபுவாக இருந்தவர். 1524-இல் கொச்சியில் இறந்தவரின் எலும்புகள் 1539-இல் அங்கே வந்து சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் லிஸ்பனுக்குப் போயின. இதை வீட்டில் சொல்ல வேண்டாம்.

சாப்பிட அசோர்தா கேளுங்கள். பூண்டு, கொத்தமல்லி, உப்பு இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டை. நம் வீட்டு ரசத்தின் வாசனை வரும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், சில கடைகளில் கருவாட்டு மீனும் போடுகிறார்கள்.