வால் கனமாக இருக்கிறது, மூக்கில் ஈயம் வைக்கலாமா?

கேள்வி: ஒருவர் பாதியில் விட்ட ஹோம்பில்ட் (வீட்டிலேயே கட்டும்) விமானத்தை வாங்கி முடித்துக்கொண்டிருக்கிறேன். எடை போட்டால் பின்பக்கம் கனமாக வருகிறது. மூக்கில் ஈயம் வைத்தால் போதுமா?

ஈயத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள். முந்தைய ஆள் கொடுத்த எடைத்தாளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக நிறுத்துப் பாருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். எங்கள் ஊரில் பெரும்பாலானோர் தரைப்படைக்குப் போனார்கள், நான் விமானப்படைக்குப் போனேன். தாம்பரத்தில் பயிற்சி முடித்து 20 வருஷம் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலையும் இறக்கையையும் பராமரிப்பவனாக இருந்தேன். நான் பைலட் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எடைக்கணக்குப் போட பைலட்டாக இருக்க வேண்டியதில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், உங்களைப் போலவே பாதியில் நின்ற இரண்டு சீட்டு அலுமினிய விமானம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே வந்த தாளில் காலி எடை 262 கிலோ என்று இருந்தது. பெயின்ட், சீட்டு எதுவும் இல்லாதபோது எழுதிய தாள் அது.

மண்டியில் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு மூன்றை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் ஷட்டரைத் திறந்து வைத்தே நிறுத்தோம். ஆடிக்காற்று இறக்கையைத் தூக்கத் தூக்க, தராசில் எண் நிற்கவே இல்லை. மறுநாள் ஷட்டரை இறக்கிவிட்டு, பெட்ரோலை வடித்து, ஆயிலை முழுதாக ஊற்றி, ரசமட்டம் வைத்து விமானத்தை நேராக நிறுத்தினோம். மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். இறக்கையின் முன்விளிம்பில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு சக்கரங்களின் தூரத்தை அளந்தோம்.

முன்சக்கரம் 50 கிலோ, கோட்டுக்கு 70 செ.மீ. முன்னால். பின்சக்கரங்கள் 121, 119 கிலோ, 70 செ.மீ. பின்னால். மொத்தம் 290. தாளில் இருந்ததைவிட 28 கிலோ அதிகம்! எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, 290 ஆல் வகுத்தால் எடை மையம், அதாவது முழு எடையும் சமநிலையாகும் புள்ளி, கோட்டுக்கு 45.9 செ.மீ. பின்னால் வந்தது. வரைபடம் அனுமதிக்கும் பின் எல்லை 46. 75 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் 48.8, இருவர் ஏறினால் 50.7.

“அண்ணா, மூக்குல 20 கிலோ ஈயத்தக் கட்டிட்டா சரியாப் பூடும் இல்ல?” என்றார் நண்பர். கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த 20 கிலோவை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். இரண்டு நாள் தேடினோம். முதலில் கட்டியவர் கனமான கார் என்ஜின் போடும் திட்டத்தில், அதற்கு ஈடாக பேட்டரியை வால் பக்கம் 260 செ.மீ.யில் வைத்திருக்கிறார். அப்புறம் அந்த என்ஜினைத் தனியாக விற்றுவிட்டார். நண்பர் போட்டதோ ரோடாக்ஸ் 912 என்ற எடை குறைந்த சிறு விமான என்ஜின். பேட்டரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. போதாததற்கு வால் முழுக்கக் காருக்குப் பார்ப்பதுபோல் பட்டி பார்த்திருந்தார்கள்.

வெள்ளிக்கோலில் குண்டைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 7 கிலோ பேட்டரியை என்ஜின் பக்கம் ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) கொண்டுவந்தோம். இடம் 3 மீட்டர் மாறியது. பட்டியைச் சுரண்டியதில் இரண்டரை கிலோ போனது. திரும்ப நிறுத்தபோது 287.5 கிலோ, மையம் 35.7. இருவர் ஏறினாலும் 44-ஐத் தாண்டவில்லை. ஒரு கிராம் ஈயம் வைக்கவில்லை.

நாலைந்து செ.மீ.க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூக்கு கனத்தால் இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டருக்கு (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) பலம் போதாது. வால் கனம் அதைவிட மோசம். ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்தால், மூக்கு தானாகக் கீழே வராமல் போகலாம்; ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி விழுந்தால், மீட்க முடியாமலே போகலாம். நம் நாட்டில் இதையெல்லாம் பறக்க விடுவார்களா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானத்துக்கு 2019-ல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவு செய்தும் அந்த எடை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட முடியாது. 20 வருஷம் விமானத்தைக் கழற்றி மாட்டிய அனுபவத்தை, வெளியே வந்தபோது அப்படிக் கையெழுத்துப் போடத் தேவையான விமானப் பராமரிப்பு லைசென்ஸுக்குப் போதாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் பேப்பரிலிருந்து எழுது என்றார்கள். அப்போது வயது 40, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தேன். என் செட்டில் பலருக்கும் இதே கதைதான். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சக்கரத்தின் எடை, கோட்டிலிருந்து அவற்றின் தூரம், பேட்டரி இருக்கும் இடம், வரைபடத்தில் சொன்ன என்ஜின் எது, நீங்கள் போட்டது எது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ரசமட்டம் வைத்து நிறுத்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.